வரைபடத்தில் குளங்களைக் காணோமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணிப் பாசனத்தில் பல குளங்கள் உடைந்தன. அதன் பிறகு மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் குளங்களை மடை, கலுங்கு, கரை உடைந்த இடம் என்று குறித்து, கியூஜிஸ் என்னும் இலவச சாப்ட்வேரில் ஒரு வரைபடம் தயாரித்தேன். விவசாய நண்பர்களிடம் காட்ட பென் டிரைவில் எடுத்துப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆறு மட்டும் ஓடுகிறது, குளங்களைக் காணோம்! கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்த வடிவேலு நிலைமைதான் எனக்கு.

பயப்பட வேண்டாம். கியூஜிஸின் புராஜெக்ட் பைலுக்குள் குளங்கள் இருக்காது. அவை எந்த போல்டரில் உள்ளன என்ற முகவரிதான் இருக்கும். புராஜெக்டையும் ஆற்றின் பைலையும் பென் டிரைவில் வைத்திருந்த நான், குளங்களை டி டிரைவில் வைத்து வேலை செய்திருந்தேன். கிளம்பும்போது குளங்களையும் பென் டிரைவில் காப்பி செய்தேன். புராஜெக்ட்டோ பழைய டி டிரைவிலேயே தேடிக்கொண்டிருந்தது.

இப்படி ஆனால், திறக்கும்போதே 'ஹேண்டில் அன்அவைலபிள் லேயர்ஸ்' என்ற விண்டோ வரும். காணாமல் போன லேயரைத் தேர்வு செய்து, 'பிரவுஸ்' பட்டன் மூலம் சரியான பைலைக் காட்டி, 'அப்ளை சேஞ்சஸ்' அழுத்துங்கள். நிறைய லேயர்கள் என்றால் 'ஆட்டோ-பைண்ட்' தானே தேடித் தரும். அவசரத்தில் 'ரிமூவ்' பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்த நிறமும் பெயர் அமைப்பும் போய்விடும். இப்போது நேரமில்லை என்றால் 'கீப்' கொடுங்கள். பிறகு லேயரின் அருகில் தெரியும் எச்சரிக்கைக் குறியை கிளிக் செய்து சரிசெய்யலாம்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். பென் டிரைவில் இன்னொரு போல்டரில், வெள்ளத்துக்கு முன் தயாரித்த பைலும் அதே 'குளம்' என்ற பெயரில் இருந்தது. இணைந்தது அந்தப் பைல்! குளங்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் ஒரு கரையிலும் உடைப்பு இல்லை. ஒரு பெரியவர், "எங்க குளம் உடையவே இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தேன். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. எனவே இணைத்தவுடன் உங்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு இடங்களையாவது சரிபாருங்கள். பைல் பெயரில் வருடத்தையும் சேர்த்து வையுங்கள்.

இனி இப்படி நேராமல் இருக்க, புராஜெக்டையும் எல்லா பைல்களையும் ஒரே போல்டரில் வைத்து, அந்த போல்டரையே காப்பி செய்யுங்கள். புராஜெக்ட் பிராப்பர்டீஸில் 'ஜெனரல்' பகுதியில் 'சேவ் பாத்ஸ்' என்பது 'ரிலேட்டிவ்' என்று இருக்கட்டும். பைல்கள் வேறு டிரைவில் இருந்தால் இது உதவாது.

ஷேப்பைல் பயன்படுத்துபவர்கள் எஸ்எச்பி பைலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். குளத்தின் பெயர்கள் டிபிஎப் பைலில்தான் இருக்கும்; எஸ்எச்எக்ஸ், பிஆர்ஜே பைல்களும் கூடவே வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று இப்போது நான் ஜியோபேக்கேஜுக்கு மாறிவிட்டேன். எல்லாம் ஒரே பைல்.