செக் என்ஜின் லைட் எரிந்தால் முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் எரிகிறது. வண்டி ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, அதனால் யாரும் பதறுவதில்லை. ஒருவர் அதன்மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார். இன்னொருவர் மெக்கானிக்கிடம் போய், "அந்த லைட்டை மட்டும் ஆஃப் பண்ணிக் கொடுப்பா" என்கிறார். அவரும் ஸ்கேனரைச் சொருகி ஒரே அழுத்தில் அழித்துவிடுகிறார். மூன்றாமவர் கொஞ்சம் பொறுப்பானவர். சென்சாரை மாற்றுகிறார், அடுத்த மாதமே லைட் மறுபடி எரிகிறது, மறுபடி மாற்றுகிறார், கடைசியில் "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார். கையில் ரசீது இல்லை, பழைய சென்சார் இல்லை, ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீடு, அதாவது 'கோடு', எது என்பதும் தெரியாது.

மூவரும் தொலைத்தது ஒன்றைத்தான்: லைட் எரிந்த நேரத்தில் காரின் கணினி பதிந்து வைத்திருந்த தகவலை. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: ஸ்கேன் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரும் முன் கோடை அழிக்க விடாதீர்கள். பிரின்ட் இல்லையென்றால் ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுங்கள். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கோளாறு பதிவான கணத்தில் என்ஜின் வேகம், சூடு, வண்டியின் வேகம் எல்லாம் அதில்தான் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

அந்த மூன்றாமவர் மாற்றிய ஏர்-ஃபியூவல் சென்சார் புகைக் குழாயில், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் திருகப்பட்டிருக்கும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து, கலவையில் காற்று கூடுதலா பெட்ரோல் கூடுதலா என்று இசியுவுக்கு, அதாவது காரின் கணினிக்கு, சொல்வது அதன் வேலை. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். இந்தக் குடும்பத்தின் முதல் சென்சார் 1976இல் வால்வோ காரில் வந்தது. வரலாறு நமக்கு இவ்வளவு போதும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஆக்சிஜன் சென்சார். சில சிறிய கார்களில் முன்னாலும் அந்தச் சாதாரண வகையே இருக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் 'ஓ2 சென்சார்' என்பார். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. பார்ட் நம்பரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். பி 0171 என்று வந்தால் கலவையில் காற்று கூடுதல் என்றுதான் பொருள். சென்சார் செத்துவிட்டது என்று பொருளல்ல. உள்ளே காற்றை இழுக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம், ஏர் ஃப்ளோ மீட்டரில் தூசி படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாய் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் 'காற்று அதிகம்' என்றே சொல்லும். அது உள்ளதைத்தான் சொல்கிறது, நாம் அதையே கழற்றி எறிகிறோம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி: 'லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம்', அதாவது பெட்ரோல் அளவில் இசியு தொடர்ந்து செய்துவரும் திருத்தம், எவ்வளவு? பத்து சதவீதத்துக்குள் மேலும் கீழும் இருந்தால் சாதாரணம். ஐடிலிங்கில் இருபதுக்கு மேல் நின்று, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு. ஓட்டத்தில், பாரம் ஏற ஏற அதிகரித்தால் பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். (இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலுக்கு அந்த 14.7 சுமார் 13.5 ஆகக் குறையும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் ட்ரிம் சில சதவீதம் ஏறுவது இயல்பு. அதைக் காட்டி சென்சார் விற்பவர்களும் இருக்கிறார்கள்.)

பி 0135, பி 0031, பி 0032 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. முதலில் ஃப்யூஸ். பிறகு வயர்; வெளியே நிற்கும் கார்களில் எலி கடித்த வயருக்குப் பஞ்சமில்லை. அதற்கும் பிறகுதான் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் பார்ப்பது. மீட்டர் எதுவும் காட்டாமல் 'ஓப்பன்' என்றால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. பி 0420 வந்தால் கன்வெர்ட்டரையும் கசிவையும் பார்க்க வேண்டும். முன் சென்சாரை மாற்றிப் பார்ப்பது சூதாட்டம். எந்தக் கோடாக இருந்தாலும் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். அது மிஸ்ஸிங், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே எரித்துவிடும். சென்சாரைவிடப் பல மடங்கு விலை உள்ள பாகம் அது.

மாற்றுவதென்று முடிவானால், வேலை எளிது, கெடுப்பது அதைவிட எளிது. பெரும்பாலான சென்சார்களுக்கு 22 எம்எம் சாக்கெட், வயர் நுழைய வெட்டு உள்ளது. புகைக் குழாய் சுடும். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். மரை இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். முறுக்கி இழுத்தால் மரையோடு வந்துவிடும். புதியதன் மரையில் பெரும்பாலும் ஆன்டி-சீஸ் தடவியே வரும். முனையில் எதுவும் படக் கூடாது. கனெக்டருக்குள் கிரீஸ் வேண்டாம். வயரை வெட்டி இணைத்துக் கொடுக்கும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' ரகத்தைத் தவிர்க்கலாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் உள்வழியேதான் எடுக்கின்றன, சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். கேஸ்கெட் வேலையில் கண்ட சிலிக்கான் பேஸ்ட்டை அப்பினாலும் அதன் ஆவி புதிய சென்சாரைக் கொன்றுவிடும். என்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியில், கூலன்ட் உள்ளே கசிகிற வண்டியில் எத்தனை சென்சார் போட்டாலும் நிற்காது.

டப்பாவைப் பாருங்கள். பொட்டலச் சரக்கு விதிகளின்படி எம்ஆர்பி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, வாடிக்கையாளர் புகார் தொடர்பு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கவரில் 'ஒரிஜினல் சார்' என்று நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி காகிதம். வண்டி விடும்போது ஜாப் கார்டில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று எழுதிக்கொண்டு அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் 'செக் என்ஜின் லைட் எரிகிறது', கோடு எண், கிலோமீட்டர் மூன்றும் இருக்க வேண்டும். வாரண்டி முடிவதற்குள் இப்படி ஒரு ஜாப் கார்டு இருந்தால், பிறகு அதே கோளாறு வரும்போது 'வாரண்டி முடிஞ்சது' என்று கையை விரிப்பது கடினம். வேலை முடிந்ததும் பில்லில் பார்ட் நம்பரும் கூலியும் தனித்தனியாக வரட்டும். பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றினால் கம்பெனி அதை வைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்தால் கேட்டு வாங்குங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. திரும்ப எடுக்கப் பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். 'விற்ற எலக்ட்ரிக்கல் சாமான் திரும்ப எடுக்கப்படாது' என்று கடைச் சுவரில் எழுதி மாட்டியிருப்பதால் இது மாறிவிடாது. முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அசையவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்; கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. பாகம் குறைபாடுள்ளதா என்ற கேள்வி வந்தால் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். பழைய சென்சாரைக் குப்பையில் போட்டவரிடம் அனுப்ப என்ன இருக்கும்? ஸ்கேன் ரிப்போர்ட்டை அழித்துவிட்டவர் எதைக் காட்டுவார்?

பழைய கார் வாங்குவோர் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: லைட் எரியவில்லை என்பது சான்று ஆகாது. ஸ்கேனரில் 'கோடு அழித்த பின் ஓடிய தூரம்' என்றொரு வரி பெரும்பாலான கார்களில் வரும். நாற்பது கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் புகைச் சான்று. செல்லுபடியாகும் சான்று இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், சென்சார் வேலை சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்க நம்மிடம் உள்ள மலிவான சோதனையும் அதுதான். பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரம்பு. 2,500 சுற்றில் வைத்து அளந்தால் 0.2 சதவீதம், லாம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையில். ஆனால் எத்தனை சென்டர்களில் குழாயைச் சைலன்சருக்குள் விடுகிறார்கள்? நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிற இடங்களைத் தெரிந்தும் தெரியாதது போல ஆர்டிஓ அலுவலகங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு தாளை நீட்டினால் பணம் கொடுக்காதீர்கள். என்ஜினைச் சூடாக்கச் சொல்லி, 2,500 சுற்றில் நிறுத்தி, லாம்டா எண்ணை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் சென்டரின் பெயரும் நேரமும் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.