தராசு இல்லாத மீன்பிடிப் போட்டி

பகாங் மாநில மலைப்பகுதியில் உள்ள லெம்பா பெர்த்தாமில், தேயிலைக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுந்து மூட்டை கொக்கியில் ஏறும், முள் ஆடி நிற்கும், கிராணியார் எழுதிக்கொள்வார். மழை நாளாக இருந்தால் இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று ஒரு கழிவு. அந்தக் கழிவு நியாயமா என்ற பேச்சு லயத்துக்குத் திரும்பி, சோறு பொங்கி இறக்கும்வரை ஓயாது. இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஆனால் நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்ற பழக்கம் மட்டும் நம்மவர்களை விட்டுப் போகவில்லை.

அதனால்தான், இதே பகாங் மாநிலத்தின் மறுகோடியில், கோலா ரொம்பின் கடலில் நடக்கும் தூண்டில் போட்டியைப் பற்றிச் சொன்னால் மலையில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. ஆள் உயர மீனைப் பிடிப்பார்களாம், நிறுக்க மாட்டார்களாம், கரைக்கும் கொண்டுவர மாட்டார்களாம். படகோரத்திலேயே அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். அதற்குப் பரிசும் உண்டாம்.

உண்மைதான். ‘ரோயல் பகாங் பில்ஃபிஷ் இன்டர்நேஷனல் சேலஞ்ச்’ என்ற பெயரில் ரொம்பினில் நடந்துவரும் அனைத்துலகப் போட்டியின் அடிப்படையே பிடித்து விடுவதுதான். அங்கே தேடிப் போகிற மீன் மலாய்க்காரர்கள் ‘இக்கான் லாயாரான்’ என்று சொல்லும் பாய்மர மீன். தமிழகக் கடற்கரையில் அதற்கு மயில் மீன் என்று பெயர், மயில் கோலா என்பவர்களும் உண்டு. முதுகுத் துடுப்பை விரித்தால் மயில் தோகைபோல நீலமாக எழுந்து நிற்கும். பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

பெர்த்தாம் ஆற்றுக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இயற்கை விட்டபடி விட்டிருந்தால் இந்த ஆற்றுத் தண்ணீர் முழுவதும் தெலோம், ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் சேர்ந்து, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் விழுந்திருக்கும். 1960களில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்த பிறகு, பெரும்பகுதி சுரங்கத்துக்குள் திரும்பி, பேராக் பக்கம் மின்சாரம் எடுக்கப் போய்விட்டது. கீழ்ப்பள்ளத்தாக்கில் மிச்சமாக ஓடுவதுதான் கிழக்கே போகிறது. பெக்கானிலிருந்து கரையோடு தெற்கே போனால் ரொம்பின்.

அந்தக் கடல் அவ்வளவு ஆழமில்லை. தென்னை ஓலையைக் கட்டி நங்கூரமிட்டு மீனவர்கள் உருவாக்கும் ‘உஞ்சாம்’ நிழலில் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடி மயில் மீன் கூட்டமாக வரும். படகோட்டியான தெக்கோங், முதலில் உஞ்சாமில் நிறுத்தி உயிரோடு கெம்போங் மீனைப் பிடித்துத் தொட்டியில் போட்டுக்கொள்வார். பிறகு அதையே இரையாக முள்ளில் கோத்து, ஒரு பலூனைக் கட்டி மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். ஆண்டின் நடுப்பகுதி தாண்டி அக்டோபர்வரை நல்ல பருவம். வடகிழக்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால் கடல் யாரையும் உள்ளே விடாது.

மயில் மீனைப் பற்றிப் பத்திரிகைகள் விடாமல் எழுதும் ஒரு கணக்கை இங்கே திருத்திவிடலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம், கடலிலேயே வேகமான மீன் என்பார்கள். ரீலிலிருந்து நரம்பு ஓடிய வேகத்தை வைத்து எப்போதோ போட்ட கணக்கு அது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அதன் தசை எவ்வளவு விரைவாகச் சுருங்க முடியும் என்பதை அளந்து, உச்ச வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றது. எங்கள் மலைச்சாலையில் காய்கறி லோரி இறங்குகிற வேகம். அதனால் மீனின் மதிப்பு குறைந்துவிடவில்லை. சாளைக் கூட்டத்தை வளைத்து, கூர்மூக்கால் லேசாகத் தட்டி ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கிற அதன் நிதானம் வேகத்தைவிடப் பெரிய வித்தை.

சரி, நிறுக்காமல் யார் வென்றார் என்று எப்படித் தெரியும்? அதற்கு, நிறுத்துக்கொண்டிருந்த காலத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கோல் ஒருவர் கையில்

பெருமீனைக் கோலும் ரீலும் கொண்டு பிடிப்பது ஒரு விளையாட்டாக உருப்பெற்றது கலிபோர்னியாவின் கத்தலீனா தீவில். 1898இல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டுச் சூரை மீன் ஒன்றைக் கோலால் பிடித்தார். அதே ஆண்டு அங்கே டூனா கிளப் தொடங்கியது. தடித்த கயிற்றைப் போட்டு மீனைக் குப்பையாக அள்ளிக் கொட்டியவர்களைப் பார்த்து வெறுத்துப்போனவர் அவர். மெல்லிய நரம்பால் பிடி, மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி இருக்கட்டும் என்பதுதான் கிளப்பின் கொள்கை. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம், ஒதுக்கினாலும் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்துதான் பின்னால் வந்த விதி அத்தனையும் முளைத்தது.

1939 ஜூனில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மைக்கேல் லெர்னர் முயற்சியால் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் பிறந்தது. சுருக்கமாக ஐஜிஎஃப்ஏ. எழுத்தாளர் ஹெமிங்வேயும் அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். உலகச் சாதனைப் பட்டியல் இன்றும் இவர்கள் கையில். விதிகளில் முக்கியமானது இது: மீன் கடித்த நொடியிலிருந்து, முள்ளை ஒட்டிய ‘லீடர்’ என்ற தடித்த நரம்பு படகிலிருப்பவர் கைக்கு எட்டும்வரை, கோலையோ ரீலையோ நரம்பையோ தூண்டில்காரரைத் தவிர வேறு எவரும் தொடக் கூடாது. படகின் விளிம்பில் கோலைச் சாய்த்து இளைப்பாறக் கூடாது. மின்சார ரீல் கூடாது. ஈட்டி, துப்பாக்கி கூடாது. போராட்டத்தின்போது சுறாவோ படகின் உந்துவிசிறியோ மீனின் சதையைக் கிழித்திருந்தால் அந்த மீன் செல்லாது. காயம்பட்ட மீன் முழுப் பலத்தோடு போராடியிருக்காது அல்லவா, அதுதான் காரணம்.

தராசுக்கும் விதி உண்டு. கரையில் நிறுக்க வேண்டும். படகு ஆடினால் முள்ளும் ஆடும் என்பதால் கடலில் நிறுத்த எடையை ஏற்பதில்லை. தராசு அதிகாரபூர்வமாகச் சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மீன் பிடித்த நரம்பிலும் ஒரு துண்டை அனுப்ப வேண்டும். எத்தனை கிலோவில் அறுகிறது என்று இழுத்துப் பார்த்துத்தான் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். ஒரு பழைய சாதனையை ஒரு கிராம் கூடுதலாக வைத்து முறியடித்துவிடவும் முடியாது. 25 பவுண்டுக்கு மேற்பட்ட மீன் என்றால் குறைந்தது அரை சதவீதமாவது கூட இருக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் சமம். எங்கள் கிராணிமார்கூட இவ்வளவு கறார் இல்லை.

செல்லாத பெருமீன்கள்

இந்த விதிகளின் அருமையைச் சாதனைப் பட்டியலைவிட, பட்டியலில் ஏறாத மீன்கள்தான் நன்றாகச் சொல்கின்றன.

1930இல் தஹித்திக் கடலில் அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே 1,040 பவுண்டு எடையில் மர்லின் என்ற கூர்மூக்குப் பெருமீன் ஒன்றைப் பிடித்தார். கோலால் பிடித்த மீன் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது அதுவரை கேள்விப்படாதது. ஆனால் கரை சேருமுன் சுறாக்கள் வால் பக்கம் கடித்துவிட்டன. சாதனையாக நிற்கவில்லை. அதன் பிறகு 22 ஆண்டுகள் கழித்து, பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரெட் கிளாசெல்தான் குறையில்லாத ஆயிரம் பவுண்டு மீனைக் கரை சேர்த்தார். மறு ஆண்டு, 1953 ஆகஸ்ட் 4 அன்று, அதே இடத்தில் அவர் பிடித்த கறுப்பு மர்லின் 1,560 பவுண்டு, அதாவது 707 கிலோவுக்கும் மேல். எழுபது ஆண்டு தாண்டியும் அதை எவரும் முறியடிக்கவில்லை.

எடையை மட்டும் பார்த்தால் அதைவிடப் பெரிய மர்லின் ஒன்று உண்டு. 1970இல் ஹவாயின் ஓஆஹு தீவருகே, கொர்னீலியஸ் சோய் ஓட்டிய வாடகைப் படகில் பிடிபட்டது. 1,805 பவுண்டு. இன்றும் ‘சோயின் அசுரன்’ என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். படகில் வந்தவர்கள் மாற்றி மாற்றிக் கோலைப் பிடித்ததால் பட்டியலில் அதற்கு இடமில்லை.

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலின் சாந்தியாகோ பிடித்த மர்லினும் இந்தச் சங்கத்தின் வாசலில் நின்றிருக்கும். கைக்கயிற்றால் பிடித்தது, போதாததற்குச் சுறா தின்று எலும்பாகக் கரை சேர்ந்தது. எழுதியவர் துணைத் தலைவராக இருந்தும் செல்லாது.

பணம் சேர்ந்தால் இந்த விதி எப்படி உறைக்கும் என்பதற்கு 2023 ஜூனில் அமெரிக்காவின் வடகரோலினாவில் நடந்தது போதும். பிக் ராக் நீல மர்லின் போட்டியின் கடைசி நாள். ‘சென்சேஷன்’ என்ற படகு ஆறு மணி நேரத்துக்கு மேல் போராடி 619.4 பவுண்டு மர்லினைக் கொண்டுவந்தது. வேறு எந்த மீனும் 500 பவுண்டைக்கூடத் தொடவில்லை. சுமார் 35 லட்சம் டாலர் கையில் விழவேண்டிய நேரம். உடலில் சுறா கடித்த தடம் இருந்தது. இரவெல்லாம் ஆலோசனை நடத்தி, மறுநாள் தள்ளுபடி செய்தார்கள். 484.5 பவுண்டு மீனைப் பிடித்திருந்த ‘சூஷி’ என்ற படகுக்குப் பரிசு போனது. கடித்தது சுறா, இழந்தது மனிதன், இதில் என்ன நியாயம் என்று அன்று கேட்டவர்கள் ஏராளம். எனக்குத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. இல்லையென்றால் நாளைக்கு எவ்வளவு பெரிய கடியை மன்னிப்பது என்று அங்குலம் அங்குலமாகப் பேரம் பேச வேண்டியிருக்கும்.

தராசையே ஏமாற்றியவர்களும் உண்டு, ஆனால் அது கடலில் இல்லை. 2022 செப்டம்பரில் ஓஹாயோவில், ஈரி ஏரியில் நடந்த போட்டியில் முதலிடத்துக்கு வந்த மீன்களின் வயிறு நடத்துநருக்குச் சந்தேகம் தந்தது. எல்லோர் முன்னும் அறுத்தார். ஈயக் குண்டுகள் வந்து விழுந்தன. இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறையில் இருந்தார்கள், படகும் பறிபோனது. கூடையின் அடியில் கல்லை வைத்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

விட்டதை எண்ணுவது எப்படி?

இனி ரொம்பினுக்கு வரலாம். பிடித்து விடும் போட்டிகளில் எண்ணிக்கைதான் கணக்கு. லீடர் நரம்பைப் படகில் இருப்பவர் கையால் தொட்டாலே மீன் பிடிபட்டதாகப் பொருள். ஒவ்வொரு படகிலும் ஒரு பார்வையாளர் இருப்பார், அல்லது ஒளிப்பதிவு இருக்கும், சில போட்டிகளில் இரண்டும். இரு படகுகள் சமமாக வந்தால் நேரம் பார்ப்பார்கள். அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியவருக்குப் பரிசு.

விட்ட மீன் பிழைக்க வேண்டும் என்றால் முள் முக்கியம். பழைய முள் இங்கிலீஷ் ‘ஜே’ எழுத்துப்போல இருக்கும், மீன் விழுங்கினால் குடலில் போய்த் தைக்கும். வட்ட முள்ளின் கூர் உள்பக்கம் மடங்கியிருக்கும். விழுங்கினாலும் வழுக்கி வெளியே வந்து, வாயின் ஓரத்தில் மட்டும் மாட்டும். பசிபிக் தீவுக்காரர்கள் எலும்பிலும் சிப்பியிலும் எப்போதோ செய்துவைத்த வடிவம் இது. ஒரே சிரமம், மீன் கடித்ததும் கோலை வெட்டி இழுக்கும் பழைய கை வேகத்தை மறக்க வேண்டும். வெட்டினால் முள் கழன்றுவிடும், நரம்பு தானாக இறுகும்வரை பொறுக்க வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலில் நடக்கும் கூர்மூக்கு மீன் போட்டிகளில் இயற்கை இரை வைத்தால் வட்ட முள் கட்டாயம் என்று 2008இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

ஐஜிஎஃப்ஏவும் மெல்ல மாறியது. 2011இலிருந்து சில மீன்களுக்கு நீளச் சாதனை என்று ஒரு பிரிவு. அளந்து, படம் எடுத்து, உயிரோடு விட்டால்தான் அது செல்லும். மறுபக்கம், எடைச் சாதனைகளில் சில இனி உடைபடவே வாய்ப்பில்லை. 1959இல் தென் ஆஸ்திரேலியாவில் ஆல்ஃப் டீன் பிடித்த வெள்ளைச் சுறா 1,208 கிலோ. 1990களின் கடைசியில் அந்நாடு வெள்ளைச் சுறாவைப் பாதுகாக்கப்பட்ட உயிராக்கிவிட்டது.

ஆனாலும் ஒரு கேள்வி முள்ளாகவே நிற்கிறது. சாப்பிடாத மீனை எதற்குத் துன்புறுத்த வேண்டும்? சுவிட்சர்லாந்து 2008 விதிகளில், திருப்பி விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்தது. தமிழகத்தின் தூத்தூர் மீனவரிடம் கேட்டாலும் சிரிப்பார். சுறா தேடி ஆழ்கடல் போகும் அவருக்கு மயில் மீன் என்பது விலை. கருவாடு மலையேறி வந்து குழம்பாக மணக்கும் எங்கள் வீடுகளிலும், பிடித்த மீனை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் இரவுச் சோறு கிடைக்காது. இதற்கு ரொம்பினில் கிடைக்கும் பதில் தத்துவம் அல்ல, வரவு செலவு. சந்தையில் மயில் மீன் உயர்ந்த விலைக்குப் போகும் மீன் அல்ல. அதே மீனைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் படகு வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று ஊருக்குள் பணம் இறங்குகிறது. விட்ட மீன் நாளைக்கு இன்னொருவர் முள்ளில் மாட்டும். மீனின் வலிக்கு இது பதிலாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

களைத்த மீனைச் சும்மா தள்ளிவிட்டால் மூழ்கிச் சாகலாம். அதனால் தெக்கோங் என்ஜினை மெதுவாக ஓடவிட, ஒருவர் குனிந்து கையுறைக் கையால் அதன் கூர்மூக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பார். வாய் வழியே நுழையும் நீர் செவுளைக் கடக்கும். மங்கிப்போன நிறம் மெல்லத் திரும்பும், வால் ஒருமுறை அசையும், பிறகு இன்னொருமுறை. பிடித்த கையை அது உதறிய பிறகுதான் விடுவார். பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். தொட்டியிலிருந்து அடுத்த கெம்போங்கை எடுத்து முள்ளில் கோப்பார்கள்.