வெளி மீது ஒரு வழக்கு – 14: வாளிச் சுவரின் தடிமன்

நியூட்டனின் வாளியைச் சென்ற வாரம் தொங்கவிட்ட இடத்திலேயே விட்டிருக்கிறோம். மறந்தவர்களுக்கு மட்டும்: சுழலும் வாளிக்குள் நீர் அசையாதபோது மேற்பரப்பு தட்டை, நீரும் வாளியோடு சேர்ந்து சுழலும்போது நடுவில் குழிவு. ஆக, குழிவுக்கு வாளி காரணமல்ல, தனிமுதல் வெளிதான் காரணம் என்று 1687-ல் முடிவு கட்டினார் நியூட்டன். இந்த வாரம் லைப்னிட்ஸ் – கிளார்க் கடிதச் சண்டைக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். குறுக்கே ஒரு ஆலைச் சக்கரம் வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நியூட்டனின் தீர்ப்பில் ஓட்டை இருப்பதை 1883-ல் எர்ன்ஸ்ட் மாக் சுட்டிக்காட்டினார். வாளிச் சுவர் நீரை ஒன்றும் செய்யவில்லை என்பது சரி. ஆனால் அது எத்தனை மெல்லிய சுவர்! அதன் தடிமனை மைல் கணக்கில் ஏற்றிவிட்டுச் சுழற்றினால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? நீர் குழிவது வெற்று வெளியைப் பொறுத்துச் சுழல்வதால் அல்ல. தொலைவிலுள்ள விண்மீன்கள் உட்பட உலகின் மொத்தப் பொருண்மையையும் பொறுத்துச் சுழல்வதால் என்பது அவர் கட்சி. நீரை நிறுத்திவிட்டு விண்மீன்கள் அத்தனையையும் சுற்றவைத்தாலும் நீர் குழிய வேண்டும் என்பது அதன் நேரடி விளைவு. அதைச் செய்து பார்க்க முடியாது என்பதால், பெரும்பாலோர் இதைத் தத்துவக்காரரின் வாதமாக ஒதுக்கினார்கள். ஃபிரீட்லேண்டர் சகோதரர்கள் ஒதுக்கவில்லை. விண்மீன்களைச் சுழற்ற முடியாவிட்டால் போகிறது, பூமியில் கிடைப்பதிலேயே கனமான ஒன்றைச் சுழற்றுவோம் என்று இறங்கினார்கள். 1890-களின் நடுவில் ஜெர்மனியின் பைனே நகரத்து ரோலிங் மில் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த மாபெரும் ஃப்ளைவீலின் அச்சுக்கு நேரே, நுண்ணிய முறுக்குத் தராசு ஒன்றை வைத்துப் பார்த்தார் இம்மானுவேல் ஃபிரீட்லேண்டர். சக்கரம் தன்னோடு வெளியைச் சிறிதாவது இழுத்தால் தராசு அதைக் காட்டிக்கொடுக்கும் என்பது கணக்கு. இரும்பு உருளும் ஆலையில் தராசு எதற்குத்தான் அசையாது? முடிவாக எதையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 1896-ல் அண்ணனும் தம்பியும் அதை நூலாக்கினார்கள். ஒருவர் உயிரியலாளர், மற்றவர் பின்னாளில் நேப்பிள்ஸில் எரிமலை ஆய்வு நிலையம் நடத்தியவர். தொழில்முறை இயற்பியலாளர்கள் கேட்கத் தயங்கிய கேள்வியை, பொதுச் சார்பியல் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே, பட்டறையில் வைத்துக் கேட்டவர்கள் இவர்கள் என்பதுதான் எனக்கு இந்த வாரத்தின் வியப்பு.

அவர்கள் தேடியது இருக்கிறதா? இருக்கிறது. 1913-ல் மாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் அந்த எதிர்பார்ப்பைச் சொன்னார். 1918-ல் தீரிங்கும் லென்ஸேயும், சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சற்றே இழுக்கும் என்று பொதுச் சார்பியலைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் ஆலைச் சக்கரம் எம்மாத்திரம், பூமியே போதாது போலிருக்கிறது. 642 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு ஜைரோஸ்கோப்பின் அச்சைப் பூமியின் சுழற்சி ஓர் ஆண்டில் திருப்பும் அளவு, ஒரு பாகையில் சுமார் 92,000-ல் ஒரு பங்கு. அந்த அச்சு ஒரு முழுச் சுற்று முடிக்க 3 கோடியே 30 லட்சம் ஆண்டு ஆகும். இதை அளந்தே தீர்வது என்று ஸ்டான்ஃபோர்டில் கிளம்பிய கூட்டம் 1960-களின் தொடக்கத்திலிருந்து உழைத்து, 2004 ஏப்ரலில் கிராவிட்டி புரோப்-பி விண்கலத்தை ஏவியது. (இந்தத் திட்டம், பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் ஆடையின்றி நின்ற மூன்று பேராசிரியர்களின் பேச்சில் உருவானது என்பார்கள். ஆர்க்கிமிடீஸுக்குப் பிறகு இயற்பியலுக்கு இப்படியொரு குளியல் வாய்க்கவில்லை.) உள்ளே பிங்பாங் பந்து அளவில் நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள், மேலே நியோபியம் பூச்சு. அந்த உருண்டையைப் பூமி அளவுக்குப் பெருக்கினால் அதன் மிக உயர்ந்த மலை இரண்டரை மீட்டரைத் தாண்டாது. திரவ ஹீலியத்தில் குளிர்ந்து மீக்கடத்தியாகிவிட்ட நியோபியம் சுழலும்போது, சுழலச்சின் திசையிலேயே ஒரு காந்தப்புலம் தானாக எழும். உருண்டையைத் தொடாமல் அந்தப் புலத்தைப் படித்தே அச்சு எங்கே நோக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

முடிவு 2011-ல் வந்தது: எதிர்பார்த்தது ஆண்டுக்கு 39.2, கிடைத்தது 37.2, அலகு, ஒரு கோண விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிழை எல்லை 7.2 என்பதை மறைத்துப் பயனில்லை. உருண்டைகளின் மேல் திட்டுத்திட்டாகத் தேங்கிய மின்னேற்றம் அச்சைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அதைப் பிரித்தெடுக்கவே ஆண்டுகள் ஓடின. விடையை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு தரவைக் கழுவியதை எப்படிச் சான்றென ஏற்பது என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஒரு கலத்தின் மேல் மட்டும் வழக்கு நிற்கவில்லை. லேகியாஸ் செயற்கைக்கோள்களின் பாதை விலகலிலிருந்து, முற்றிலும் வேறு முறையில், 2004-ல் வெளியான அளவீடும் அதே கணிப்போடு ஒத்துப்போகிறது.

அப்படியானால் மாக் வென்றுவிட்டாரா? பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 1966-ல் பிரில், கோஹன் இருவரின் கணக்கு அவர்களுக்கு இன்னும் தெம்பு தரும்: சுழலும் கோள ஓடு ஒன்றின் பொருண்மை, அது கருந்துளையாகிவிடும் எல்லையை நெருங்க நெருங்க, உள்ளே உள்ள நிலைமச் சட்டகம் முழுவதும் ஓட்டோடு சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். மாக் கேட்ட தடித்த வாளி இதுதான். ஆனால் பொருள் வெளியை இழுக்கிறது என்பது ஒன்று; பொருள் இல்லாவிட்டால் நிலைமமே இல்லை என்பது வேறு. மாக்குக்கு வேண்டியது இரண்டாவது. பொதுச் சார்பியல் அதைத் தருவதில்லை. பொருளே இல்லாத தட்டையான காலவெளியும் அதன் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வுதான். அங்கே தனியாக ஒரு வாளியைச் சுழற்றினாலும் நீர் குழியும். 1949-ல் கோடல் கண்ட தீர்வில் அண்டத்தின் மொத்தப் பொருளுமே அங்கங்கே உள்ள ஜைரோஸ்கோப்புகளைப் பொறுத்துச் சுழல்கிறது. எல்லாம் சேர்ந்து எதைப் பொறுத்துச் சுழல்கிறது என்று மாக்கால் பதில் சொல்ல முடியாது.

அவையெல்லாம் காகிதத்து அண்டங்கள், நம்முடையது அல்ல என்று மாக்கின் கட்சிக்காரர் மறுக்கலாம். மறுப்பு நியாயம்தான், ஆனால் செல்லாது. ஆலைச் சக்கரக் கேள்விக்கு விடை தந்த அதே சமன்பாடுகள்தான் இந்த அண்டங்களையும் தருகின்றன. முதலாவதை ஏற்று இரண்டாவதைத் தள்ள ஒரு தனிக் காரணம் வேண்டும். ஐன்ஸ்டைனே 1917-ல் மூடிய அண்டம் என்ற காரணத்தைத் தேடிக் கொடுத்தார்; அதே ஆண்டில் டி சிட்டர் வெற்று அண்டம் ஒன்றைக் காட்டி அதைக் குலைத்தார். பிற்காலத்தில் ஐன்ஸ்டைனும் மாக்கின் கொள்கையைக் கைவிட்டார். எனவே என் தீர்ப்பு: நியூட்டனின் வெளி தவறு, ஏனென்றால் அது பொருளின் மேல் செல்வாக்குச் செலுத்தும், பொருளால் அதைத் தொடவே முடியாது. வெளி என ஒன்றே இல்லை என்பதும் தவறு, ஏனென்றால் இழுபடுவதற்கு ஒன்று அங்கே இருக்கிறது.

வெளி இருக்கிறது என்று ஆன பின், லைப்னிட்ஸின் வலுவான வாதத்துக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்: உலகம் முழுவதையும் இரண்டடி கிழக்கே நகர்த்தி வைத்தால் எது மாறியிருக்கும்? இரண்டு வாரமாகத் தள்ளிப்போகும் அந்தக் கடிதங்கள் அடுத்த இதழில், இன்னொரு சக்கரம் குறுக்கிடாவிட்டால்.