படையெறும்பு வரும்போது வீடு பாதுகாப்பில்லை

அல்குர்ஆனின் 27ஆவது ஸூராவுக்கு எறும்பின் பெயர்: அந்நம்ல். அதன் 18ஆவது வசனத்தில், நபி ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, மிதிபட்டுப் போகாமல் வீடுகளுக்குள் நுழைந்துகொள்ளுமாறு தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. இந்த வசனம் பற்றிய பயான்களில் இரண்டு விஷயங்களை நான் அடிக்கடி கேட்கிறேன். பேசிய எறும்பைக் குறிக்கும் 'நம்லத்' என்பது பெண்பால் சொல், வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள், ஆகவே இது விஞ்ஞான அற்புதம் என்பது ஒன்று. நொறுக்குதல் என்ற பொருளுள்ள சொல் வசனத்தில் வருவதால் எறும்பின் உடம்பு கண்ணாடியால் ஆனது என்பது மற்றது.

இரண்டாவது கதை சுத்தப் பிழை. எறும்பின் புறவன்கூடு கைற்றின் என்ற பொருளாலானது. இறாலின் ஓட்டிலும் அதுதான் இருக்கு. முதலாவதில் பாதி சரி. வேலைக்கார எறும்புகள் பெண்கள்தான். ஆனால் அரபு மொழியில் ஓர் எறும்பைத் தனியாகச் சொன்னாலே, அது ஆணோ பெண்ணோ, அந்தச் சொல் அப்படித்தான் வரும். எறும்பைப் பார்த்து வியப்பதற்கு இந்த முட்டுக்கொடுப்பு எதுவும் தேவையில்லை. எறும்புகளை எறும்புகளே படையெடுத்து வந்து தாக்கும் ஓரிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கில், சிரிகாவா மலைகளின் அடிவாரத்தில், பாலைவனப் புல்வெளி விரிந்து கிடக்கிறது. அங்கே வாழும் ஒரு படையெறும்பின் விஞ்ஞானப் பெயர் நெய்வாமிர்மெக்ஸ் நைக்ரெசென்ஸ். பாலைவனத்தில் மட்டுமல்ல, கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே விர்ஜீனியா வரையும் தெற்கே மெக்சிகோவிலும் இந்த இனம் உண்டு. ஆனாலும் இதன் வாழ்க்கை மிக நெருக்கமாக ஆராயப்பட்டது அரிசோனாவில்தான். 1932 முதல் பனாமாக் காடுகளில் படையெறும்பை ஆராய்ந்து வந்த ரி. சி. ஷ்னெயர்லா பின்னர் இங்கும் வந்தார். அவருக்குப் பின் ஹொவர்ட் டோபோஃப் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இந்த எறும்பு சில மில்லிமீற்றர் நீளந்தான். கண் என்று சொல்ல ஒரு சிறு புள்ளி மட்டுமே உண்டு. வெளிச்சம் இருட்டு தெரியலாம், உருவம் தெரியாது. வழிகாட்டுவது வாசனை. முன்னால் போவது நிலத்தில் மணப்பொருளைத் தடவிச் செல்ல, பின்னால் வருபவை அதன்மேல் நடக்கும். தனக்கென்று நிலையான வீடு கிடையாது. வெப்பமும் வரட்சியும் உள்ள இடமென்பதால் நிலத்துக்கடியில், வேறு பிராணிகள் தோண்டிவிட்ட பொந்துகளில் தங்கும். பொழுது சாய்ந்த பிறகே பெரும்பாலும் வேட்டைக்குக் கிளம்பும். பல்லாயிரக்கணக்கில் வரிசையாகப் போய் மற்ற எறும்புகளின் கூட்டுக்குள் இறங்கும். அதற்கு வேண்டியது அங்குள்ள குஞ்சுகள், அதாவது குடம்பிகளும் கூட்டுப்புழுக்களும். கறையானையும் விடாது.

இந்தப் படையின் வாழ்க்கை இரண்டு பருவங்களாக மாறி மாறி வரும். வயிற்றில் குடம்பிகள் என்று சொல்லுமளவுக்குக் கூட்டம் முழுக்கக் குடம்பிகள் நிறைந்திருக்கும்போது அலைச்சல் பருவம்: இரவில் வேட்டை, அடிக்கடி இடமாற்றம், குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு புதுப் பொந்துக்குப் பயணம். குடம்பிகள் கூட்டுப்புழுவானதும் தங்கல் பருவம். அப்போது ஒரே இடத்தில் இருந்துவிடும், வேட்டையும் குறையும், அரசி வயிறு பருத்து முட்டையிடும். புதிய எறும்புகள் வெளிவந்ததும் மறுபடி பயணம். குஞ்சுகளின் தூண்டுதலே இதற்குக் காரணம் என்றார் ஷ்னெயர்லா. டோபோஃப் குழுவினர் ஆய்வுகூடத்தில் சில கூட்டங்களுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் உணவு கொடுத்துப் பார்த்து 1980இல் முடிவை வெளியிட்டனர். நன்றாக உண்டவை குறைவாகவே இடம்மாறின. ஆக, பசியும் ஒரு காரணம்.

அரசிக்கு எந்தக் காலத்திலும் இறகு கிடையாது. அதனால் பறந்துபோய்த் தனியாகப் புதுக்கூடு தொடங்க முடியாது. கூட்டம் பெருத்தால் இரண்டாகப் பிரியும், அவ்வளவுதான். கடலோ பெரிய ஆறோ குறுக்கிட்டால் இந்த இனம் அதைத் தாண்டிப் பரவுவது கடினம்.

இப்போது தாக்கப்படுகிற எறும்பிடம் வருவோம். அதே நிலத்தில் ஃபெய்டோலே டெஸர்டோரம் என்ற எறும்பு வாழ்கிறது. படையெறும்பு ஒன்றோடு மோதிய வேலைக்காரி கூட்டுக்கு ஓடிவந்து மற்றவற்றைக் கிளப்பிவிடும். அந்தக் கூட்டம் வீட்டுக்குள் போய்ப் பதுங்குவதில்லை. குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு வெளியே ஓடுகிறது. மழைக்கு முன் எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேடேறும் என்று நம்மட மூத்தவங்க சொல்லுவாங்களே, அந்தக் காட்சிதான் இதுவும். அந்த 'முட்டை'களில் பல உண்மையில் குடம்பியும் கூட்டுப்புழுவும்.

ஏன் வெளியே? மனிதக் கால் மிதிப்பது மண்ணின் மேல். அதற்கு வீடு பாதுகாப்பு. படையெறும்போ வீட்டுக்குள் நுழைவதற்கென்றே வருவது; அதற்கு வீடு பொறி. இந்த எறும்புக் கூட்டம் ஒன்றுக்கு ஒரே வீடு மட்டும் இருப்பதுமில்லை. அயலில் ஆளில்லாத வேறு கூடுகளும் இருக்கும், தப்பியவை அங்கே குடியேறலாம் என்று 1984இல் ட்ரோவல் என்ற ஆய்வாளர் எழுதினார். நம் நாட்டிலும் காணப்படும் காம்போனோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்த சில அமெரிக்க எறும்புகளும் படையெறும்பைக் கண்டால் தற்காப்புக்கு இறங்குவது பதிவாகியிருக்கிறது.

படையெறும்பு அமெரிக்காவின் தனிச்சொத்துமல்ல. டோரிலஸ் பேரினத்தின் ஓர் இனம் வட ஆபிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் மண்ணுக்கடியில் வாழ்கிறது. இலங்கையின் பெயரையே தாங்கிய ஈனிக்டஸ் சிலோனிக்கஸ் நம் மண்ணில் உண்டு.

குர்ஆன் சொன்ன எறும்பு ஆபத்தைக் கண்டது, தன் கூட்டத்துக்குச் சொன்னது, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருந்தது. அரிசோனாவின் எறும்பிடமும் ஆபத்தை அறிந்து கூட்டத்துக்கு அறிவிக்கும் இயல்பு இருக்கிறது. எதிரி வேறு என்பதால் வழி மட்டும் வேறு. இது வசனத்துக்கு நான் கொடுக்கும் 'விஞ்ஞான நிரூபணம்' அல்ல. வசனத்துக்கு அப்படியொன்று தேவையுமில்லை. கண்ணாடிக் கதையை மிம்பரில் கேட்ட பிள்ளை நாளைக்கு உயிரியல் வகுப்பில் கைற்றின் என்று படிக்கும்போது, அதன் மனதில் சந்தேகம் விழுவது கதை சொன்னவர் மேல் மட்டுமல்ல. ஆகவே பயான் செய்வோரிடமும் மத்ரஸா ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: எறும்பைக் கொல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸைச் சொல்லிக்கொடுங்கள்; பிறகு பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஓர் எறும்புப் புற்றருகே அரை மணிநேரம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.