கைரேகைச் சட்டம் முதல் ரேசன் கடை வரை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் போகும் வறண்ட சீமையில் ‘ரேகைச் சட்டம்’ என்ற பேச்சை எடுத்தால் பெரியவர்களின் குரல் இன்றும் இறுகும். ஏட்டில் அதன் பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அடுத்தவன் காட்டில் ஒரு கதிர்கூட ஒடிக்காத சம்சாரியும் மையில் விரலை உருட்டி ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் போலீஸ் முன்னால் ஆஜராக வேண்டும். சாவோ கல்யாணமோ, வெளியூரில் தங்குவதென்றால் முன்கூட்டியே சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். கமுதி வட்டாரத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீது சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். 1934இல் அபிராமத்தில் மாநாடு கூடி, சட்டத்தை நீக்கக் கோரியது. 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. 1952இல் இந்தியா முழுவதும் நீங்கியது. பிறப்பை வைத்தே ஒருவனைக் கண்காணிக்கும் அநியாயத்தை இந்த மண் எதிர்த்து நின்று வென்றது.

அதற்காக, அன்று எல்லாருக்கும் அந்தரங்கம் வாய்த்திருந்தது என்று சொல்ல முடியாது. கடிதத்தைத் தபால்காரர்தான் வாசித்துக் காட்டுவார். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் யாரோடு பேசினாள் என்பது ஊருக்கே தெரியும். பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அந்தப் பார்வைக்குக் கொடுத்த விலை பெரிது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அந்தப் பேச்சு ஊர் எல்லையைத் தாண்டுவது அரிது. நாளாக நாளாக மறந்தும் போகும்.

வேண்டுமென்றால் ஒருவர் எல்லார் கண்ணிலிருந்தும் மறையவும் முடிந்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896இல் கையெழுத்துக்கூட இல்லாத ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். திருவண்ணாமலைக்குப் போய் மௌனச் சாமியாராக இருந்த அவர் யார் என்று நெடுநாள் யாருக்கும் தெரியாது. பெயரைச் சொல்லாவிட்டால் பட்டினி கிடப்பேன் என்று ஒரு பக்தர் பிடிவாதம் பிடித்த பிறகுதான் பெயரையும் திருச்சுழியையும் எழுதிக் கொடுத்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி. தன்னைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது அன்று அவர் கையில் இருந்தது.

இன்று அது நம் கையில் இருக்கிறதா?

ரேசன் கடை வரிசையில் நின்று பாருங்கள். தறி நெய்தும் களை எடுத்தும் தேய்ந்த விரலை ஒரு மூதாட்டி கருவியில் வைக்கிறார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். “வேற விரல வைங்கம்மா” என்கிறார் விற்பனையாளர். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், நாளுக்கு இரண்டு தடவை கண்மாய்க்கரையில் நிற்க வைத்துப் படமெடுத்து, இடக்குறியோடு செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. போலிக் கணக்கை ஒழிப்பது நல்ல நோக்கம்தான். இந்த ரேகை யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அரிசிக்கும் கூலிக்கும் நிற்கிறவரால் ‘தர மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா?

அரசு கேட்டு வாங்குவது ஒருபக்கம். யாரும் கேட்காமலே நாம் கொட்டுவது அதைவிட அதிகம். மகள் பெரியவளானதை ஸ்டேட்டஸில் போடுகிறோம். அவள் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பியதைப் போட்டு, பூட்டிய வீட்டுக்கு நாமே விளம்பரம் தருகிறோம். அவசரத்துக்குக் கடன் தரும் செயலிக்குப் போனிலுள்ள அத்தனை எண்களையும் திறந்துவிடுகிறோம். தவணை தப்பினால் அசிங்கப்படுத்தும் செய்தி சொந்தக்காரர் எல்லாருக்கும் போகிறது. களத்தில் சிந்திய கம்பைக் கூட்டி அள்ளிவிடலாம். இணையத்தில் சிந்தியதை அள்ள முடியாது.

சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. போலீஸ் கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்று 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று மட்டும் அன்று ஏற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில்தான் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அரசு தனக்கு விரிந்த விலக்குகளை வைத்துக்கொண்டது. தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரிகள் தகவலை மறுப்பதை எளிதாக்கியது. குடிமகனை அரசு பார்க்கும் ஜன்னல் அகலமாகிறது, அரசைக் குடிமகன் பார்க்கும் ஜன்னல் குறுகுகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

அன்று ரேகையைப் பலவந்தமாக எடுத்தார்கள். அவமானம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் ஊரே சேர்ந்து எதிர்த்தது. இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஏதோ ஒரு தேவைக்காகக் கொடுக்கிறோம். அதனால் யாரும் யாரோடும் சேர்ந்து கேட்பதில்லை. கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: இந்த விவரம் எதற்கு? யார் கையில் இருக்கும்? எத்தனை நாளைக்கு? கிராம சபையில் அரசைக் கேட்போம். கடன் செயலியை நிறுவுவதற்கு முன் கேட்போம். பிள்ளையின் படத்தைப் போடும் முன் நம்மையும் பிள்ளையையும் கேட்போம். அந்தப் பழக்கம் வந்தால்தான் 2017 தீர்ப்பு டெல்லியிலிருந்து திருச்சுழி வரை வந்து சேரும்.