உண்ணும் குழந்தை ஏன் வளரவில்லை? உயிரணுவின் ஊட்ட உணர்வு

புதுக்கோட்டை மாவட்டத்தில் வசிக்கும் பெற்றோராகிய உங்களிடம், குழந்தை வயதுக்குரிய உயரத்தை எட்டவில்லை என அங்கன்வாடிப் பணியாளர் கூறியிருக்கலாம். வயிறு நிறையச் சோறு உண்ணும் பிள்ளை ஏன் வளரவில்லை என்ற உங்கள் ஐயம் நியாயமானதே. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு உட்படக் காரணங்கள் பல. உணவின் தன்மை சார்ந்த காரணத்தை இங்குக் காண்போம்.

உணவு கிடைத்த மாத்திரத்தில் உயிரணு வளர்ந்துவிடுவதில்லை. கட்டுமானப் பொருள்கள் கையிருப்பில் உள்ளனவா என்று அது முதலில் அறிந்துகொள்கிறது. அதன்படி வளர்ச்சியை முடுக்குவது 'எம்டார்' என்னும் புரதம். இதற்கு இரண்டு செய்திகள் வந்துசேர வேண்டும். உணவு உண்டபின் சுரக்கும் இன்சுலின் தருவது ஒன்று. புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள், சிறப்பாக லியூசின், தருவது மற்றொன்று. லியூசின் குறைந்திருக்கையில் 'செஸ்ட்ரின்2' என்னும் உணர்வுப் புரதம் எம்டார் செயல்படாதவாறு தடுக்கிறது. லியூசின் வந்து அதனுடன் இணைந்ததும் அத்தடை விலகுகிறது. இரு செய்திகளும் கூடினால்தான் புதிய புரத உற்பத்தி முழு வேகம் பெறும். இல்லையேல், உயிரணு தன் பழைய பகுதிகளையே சிதைத்துப் பயன்படுத்தும். பசிக்காலத்தில் உயிர்காக்கும் இந்த ஏற்பாடு, வளரும் பருவத்தில் மாதக்கணக்கில் நீடிப்பது நல்லதன்று.

(ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து சுரேந்திரநாத் சேகல் குழுவினர் பிரித்தெடுத்த ராபமைசின் என்னும் மருந்தை ஆராய்ந்தபோதே இப்புரதம் அறியப்பட்டது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் அம்மருந்து இன்றும் வழங்கப்படுகிறது.)

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், உயரம் குன்றிய குழந்தைகளின் இரத்தத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் குறைவாகவே காணப்பட்டன. 100 கிராம் சோற்றில் சுமார் 2.5 கிராம் புரதமே உள்ளது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். எனினும் சோற்றை நிறுத்திவிட வேண்டாம். போதிய எரிசக்தி இல்லாவிடில், உண்ட புரதமும் எரிபொருளாகவே செலவாகும். சோற்றுடன் பருப்பு, முட்டை, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் இறங்கும் மீன், நம் மாவட்டத்தில் விளையும் நிலக்கடலை ஆகியவற்றைச் சேர்த்து வழங்குங்கள். சிறு குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகத் தராமல் அரைத்தே தர வேண்டும். புரையேறும் அபாயம் உண்டு. விலையுயர்ந்த லியூசின் மாவுகள் தேவையில்லை.

அங்கன்வாடி மையத்தில் எடையும் உயரமும் தவறாது அளக்கச் செய்யுங்கள். இரு பாதங்களிலும் வீக்கம், எடை இழப்பு, உணவில் நாட்டமின்மை ஆகியன தென்பட்டால் தாமதமின்றி அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.