பூட்டிய ஆபீசில் கணினியை எழுப்புவது எப்படி?

பனியன் கம்பெனியில் கணினி – 14

ஐரோப்பாவில் இருக்கும் பையர் மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை நான்கு மணிக்கு ஒரு சந்தேகம் கேட்டால், திருப்பூரில் அப்போது கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. நியூயார்க்கில் காலை பத்து மணி ஆகும்போதும் இங்கே அதே நேரம்தான். மெர்ச்சண்டைசர் அனுப்பர்பாளையத்துக்கோ பெருமாநல்லூருக்கோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பையர் கேட்கும் அளவுப் பட்டியலும் பேக்கிங் லிஸ்ட்டும் ஆபீஸ் கணினியில் இருக்கும். ஆபீஸ் பூட்டியிருக்கும்.

இதற்கு நம் ஊரில் இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, வாட்ச்மேனுக்கு போன் போட்டு, “அண்ணா, கேபின்ல ரெண்டாவது சிஸ்டத்தக் கொஞ்சம் ஆன் பண்ணி உடுங்ணா” என்பது. இன்னொன்று, கணினியை அணைக்காமலே விட்டுவிட்டுப் போவது. இரண்டாவது வழிக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா ஓடும் மேசைக் கணினி 50 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், இரவு 14 மணி நேரத்துக்கு 0.7 யூனிட். முப்பது இரவுக்கு 21 யூனிட். பத்துக் கணினி இருந்தால் மாதம் 210 யூனிட், யாரும் உட்காராத நாற்காலிகளுக்காக.

மூன்றாவது வழி ஒன்று முப்பது ஆண்டுகளாக நம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ‘வேக் ஆன் லேன்’. ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனங்கள் 1995-இல் ‘மேஜிக் பாக்கெட்’ என்ற முறையை வகுத்தன. பிறகு ஐ.பி.எம்.மும் இன்டெலும் சேர்ந்து அதைப் பரவலாக்கின. நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும் ஆபீஸ்களில், ஊழியர்கள் போன பிறகு இரவோடு இரவாக அவற்றை எழுப்பி, அப்டேட் போட்டு, மறுபடி அணைப்பதுதான் அன்றைய நோக்கம்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. கணினியை ஷட்டவுன் செய்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அதன் பவர் சப்ளை 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சிறு மின்சாரத்தில் நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருந்து, கேபிளில் வருவதைக் கவனிக்கும். அதற்கு வர வேண்டிய செய்தி 102 பைட்தான். முதலில் ‘எஃப்எஃப்’ என்ற பைட் ஆறு முறை. அடுத்து அந்தக் கார்டின் ‘மேக்’ முகவரி பதினாறு முறை. ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே ஆறு பைட்டில் பதித்த முகவரி அது. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரர் மட்டும் எட்டிப் பார்ப்பதுபோல, செய்தி நெட்வொர்க் சுவிட்சில் இணைந்திருக்கும் எல்லாக் கணினிக்கும் போனாலும், தன் முகவரியைக் கண்ட கார்டு மட்டும் மதர்போர்டுக்குச் சொல்லிக் கணினியை எழுப்பும்.

உங்கள் கணினி இதற்குத் தயாரா என்று பார்க்க, அதை ஷட்டவுன் செய்துவிட்டுப் பின்னால் லேன் கேபிள் செருகிய இடத்தைப் பாருங்கள். அங்கே சின்ன விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கார்டு விழித்திருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘வேக் ஆன் லேன்’ அமைப்பை ஆன் செய்ய வேண்டும்; ‘இஆர்பி’, ‘டீப் ஸ்லீப்’ என்று இருப்பவற்றை ஆஃப் செய்ய வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் அனுமதி தர வேண்டும். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இதற்குப் பெரிய இடைஞ்சல். அதையும் நிறுத்திவிடுவது நல்லது. வைஃபையை நம்ப வேண்டாம், கேபிள்தான் சரி.

இத்தனையும் செய்த பிறகும் திருப்பூரில் இது நம்மைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம் மெயின் சுவிட்ச். பஞ்சும் துணியும் குவிந்த இடம் என்பதால், தீ விபத்துக்குப் பயந்து, பூட்டும்போது மெயினையே இறக்கிவிடும் கம்பெனிகள் பல. நல்ல பழக்கம்தான், மாற்ற வேண்டாம். ஆனால் மெயின் இறங்கினால் அந்த 5 வோல்ட்டும் போய்விடும், நெட்வொர்க் சுவிட்சும் ரௌட்டரும் அணைந்துவிடும். ஆபீஸ் அறைக்கு மட்டும் தனி எம்.சி.பி. வைத்துத் தனி லைன் இழுத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சுவிட்சையும் ரௌட்டரையும் யு.பி.எஸ்.ஸில் சேருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சில கணினிகளை ஒருமுறை ஆன் செய்து அணைத்தால்தான் கார்டு மறுபடி காது கொடுக்கும். அவற்றுக்கு, கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் அமைத்துவிடலாம்.

அடுத்த சிக்கல், வீட்டிலிருந்து எழுப்புவது. இந்தச் செய்தி ஒரே நெட்வொர்க்குக்குள் சுற்றுவதற்காக உண்டானது. இணையம் வழியே இன்னொரு நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கணினிக்கும் ஒரே செய்தியை எறியும் வசதியை 1990-களின் இறுதியில் தாக்குதல்காரர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள். அதனால் ரௌட்டர்கள் அதை இயல்பாகவே தடுத்து வைக்கும்படி 1999-இல் விதி வந்தது. ஆகவே ஆபீசுக்குள் விழித்திருக்கும் சாதனம் ஒன்று வேண்டும். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற ரிமோட் மென்பொருள்கள் அதே நெட்வொர்க்கில் ஓடும் இன்னொரு கணினியைத் தூதுவிட்டு எழுப்புகின்றன. மைக்ரோடிக் போன்ற ரௌட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. ரௌட்டரில் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிப்பாதையை அமைத்து, அதன் வழியே உள்ளே போய் எழுப்புவதே நான் பரிந்துரைக்கும் வழி.

எழுப்பும் செய்தியில் தனியாக ஆபத்து எதுவும் இல்லை. அது கணினியை ஆன் செய்யும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு கேட்கும் திரை அப்படியே இருக்கும். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. எழுந்த கணினிக்குள் சுலபமாக நுழைய வேண்டும் என்று, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ரௌட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் போர்ட்டைத் தேடி உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு அது விருப்பமான வழி. டேலி டேட்டாவும் பேட்டர்ன் கோப்புகளும் பூட்டப்பட்டால் சனிக்கிழமை சம்பளம் போட முடியாது, ஷிப்மென்ட் நகராது. ரிமோட் மென்பொருளுக்கும் எச்சரிக்கை தேவை. எனிடெஸ்க்கை இறக்கச் சொல்லிப் பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் அவற்றை ஆபீஸ் கணினியில் வைக்காதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள்.

இரவில் எழுப்பும் வசதியின் பழைய நோக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற நச்சுநிரல், ஒரகடத்தில் அப்போது ரெனோ-நிசான் நடத்திய கார் ஆலையையும் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. பகலில் “இப்ப வேண்டாம், வேலை இருக்கு” என்று தள்ளிப்போடும் அப்டேட்டை, ஞாயிறு விடிகாலை கணினியை எழுப்பிப் போட்டுவிடலாம். ஆளே இல்லாத தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும் இதைச் செய்யலாம்.

வசதியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு கோப்புக்காக யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்பெனி கணினிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு, 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்று ரௌட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்திருந்தால் அவர் கிளம்பும் முன் மூடச் சொல்லுங்கள். கணினியை எழுப்புவது அதற்குப் பிறகு.

(தொடரும்)